ஹூக்ளி கட்டைவிரல் முதல் பான் கார்டு ஜெராக்ஸ் வரை

வருமான வரி ரிட்டர்ன் காலம் வந்துவிட்டால் எங்கள் கிளையில் ஒரு வசனம் தினமும் காதில் விழும். "பான் கார்டும் ஆதாரும் ஏற்கெனவே ஏஜெண்ட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பியாச்சு சார்." வங்காளிகள், மார்வாடிகள், பிகாரிகள், நம்மவர்கள் எல்லோரும் சொல்வது இதையேதான். நம்மவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வரி மோசடி, அடையாளத் திருட்டு என்றால் மொபைல் போன் வந்த பிறகு முளைத்த புது வியாதி என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தியாவில் இதற்கு 150 வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதில் முக்கியமான சில காட்சிகள், நான் பிழைக்க வந்திருக்கும் இந்த வங்காளத்திலேயே நடந்தவை. நான் சரித்திரம் படித்தவன் இல்லை, பி.காம். காரன். ஆனால் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு தனி ருசி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜங்கிப்பூரில் ஓர் உள்ளங்கை

1858 ஜூலை 28. சிப்பாய்க் கலகத்தின் சூடு இன்னும் ஆறாத நேரம். முர்ஷிதாபாத் மாவட்டம் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற 25 வயது ஆங்கில அதிகாரி, சாலை போடச் சரளை வாங்க ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரோடு ஓர் ஒப்பந்தம் போடுகிறார். "இது என் கையெழுத்தே இல்லை" என்று பின்னால் சொல்வது அன்றைக்கு ஊரெங்கும் சகஜம். ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை. அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத்தாளின் பின்பக்கம் அழுத்தி எடுத்துக்கொண்டார். இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆள் பயந்துபோய் மறுக்காமல் இருப்பான் என்ற கணக்குதான். பிறகு பல வருஷம் தன்னுடைய ரேகையையும் தெரிந்தவர்களின் ரேகையையும் எடுத்து எடுத்துப் பார்த்தபோதுதான், வயது ஏறினாலும் ரேகை மாறுவதில்லை என்பது அவருக்கு உறைத்தது.

1877-இல் அவர் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்திரேட். அங்கே மூன்று இடங்களில் இந்த முறையைக் கொண்டுவந்தார்: பென்ஷன், பத்திரப்பதிவு, சிறை.

பென்ஷன் விஷயம் எங்களைப் போன்றவர்களுக்கு உடனே புரியும். பென்ஷன்காரர் செத்துப் போயிருப்பார். அவர் வயதில், அவர் சாயலில் இன்னொருவர் வந்து வரிசையில் நின்று பணத்தை வாங்கிப் போவார். எல்லா முகத்தையும் அதிகாரி ஞாபகம் வைத்திருக்க முடியுமா? அதனால் பணம் வாங்கும்போது விரல் ரேகை. பத்திரப்பதிவிலும் இதே மாதிரி ஆள்மாறாட்டம் உண்டு. எழுதிக் கொடுத்தவர் பின்னால் "நான் கையெழுத்துப் போடவே இல்லை" என்பார். அதற்கும் ரேகை. சிறையில் தண்டனை பெற்றவனுக்குப் பதிலாக வேறு ஆள் உள்ளே போய்விடாமல் இருக்கவும் ரேகை. இந்த முறையை விரிவாக்கலாம் என்று 1877 ஆகஸ்ட் 15 தேதியிட்டு மேலதிகாரிக்கு ஒரு கடிதமும் எழுதினார். உற்சாகமான பதில் வரவில்லை. மறு வருஷம் ஊருக்குப் போய்விட்டார். (மேலிடத்துக்கு யோசனை எழுதிப் போட்டுவிட்டு டிரான்ஸ்பர் ஆகிப் போவது அப்போதிருந்தே உண்டு போலிருக்கிறது!)

இருபது வருஷம் கழித்து, 1897-இல், இதே கல்கத்தாவில் ரேகைக்கென்று தனி அலுவலகம் வந்தது. பெயர் எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. ரேகைகளைப் பிரித்து அடுக்கும் கணக்கைப் போட்டதில் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரிய பங்கு. 1899-இல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, ரேகை நிபுணரின் கருத்தைக் கோர்ட்டில் ஏற்றுக்கொள்ள வழி செய்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்ஷலின் ரேகைக்குப் பலம் வந்தது, அதை வாங்கும் அதிகாரியின் கண்ணெதிரே, உயிரோடு இருக்கிற ஆளின் விரலிலிருந்து எடுத்ததால். ஆளைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து கதை வேறு பக்கம் திரும்புகிறது.

வில்சன் போட்ட வரியும் நமக்கு வந்த எண்ணும்

வருமான வரியும் இதே ஊரில் பிறந்ததுதான். கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காலி. இங்கிலாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் வில்சன் 1860 பிப்ரவரியில் பட்ஜெட் போட்டார். ஜூலை 24 முதல் வரி. வருஷ வருமானம் 200 முதல் 500 ரூபாய் வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். அதே ஆகஸ்டில் வில்சன் கல்கத்தாவில் இறந்துபோனார். அவர் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து வரி அதிகாரிக்கு வரி கட்டுகிறவரை நேரில் தெரியும், அல்லது தெரிந்தவரைத் தெரியும். நாடு பெரிதாகி வரி கட்டுகிறவர்கள் பெருகியதும் அது முடியவில்லை. ஜி.ஐ.ஆர். எண் என்று ஒன்று இருந்தது. அந்தந்த வார்டு அலுவலகம் தன் ரிஜிஸ்டரில் போட்டுக்கொண்ட வரிசை எண். நீங்கள் மதுரையிலிருந்து நாக்பூருக்கு மாற்றலாகிப் போனால் அந்த எண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. 1972-இல் பான், அதாவது நிரந்தரக் கணக்கு எண் வந்தது. 1976-இலிருந்து வரி கட்டுகிறவர்களுக்குக் கட்டாயம். ஆனால் அதையும் கையால் எழுதிக் கொடுத்தார்கள், ஒருவருக்கு இரண்டு எண் இருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது நம் பர்ஸில் இருக்கும் பத்து இலக்க பான் 1995-இல் ஆரம்பித்தது.

ஊர் ஊராகப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரே எண், எந்த ஊரிலும் செல்லும். அதே வசதிதான் திருடனுக்கும்.

நம் இனிஷியல் படுத்தும் பாடு

மேலே ஒரு காரணம் சொல்கிறேன் என்றேன் இல்லையா, அது இதுதான்.

பான் எண்ணில் நான்காவது எழுத்து நீங்கள் யார் என்று சொல்லும். தனிநபர் என்றால் 'பி', கம்பெனி என்றால் 'சி'. ஐந்தாவது எழுத்து உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. பானர்ஜிக்கும் ஷர்மாவுக்கும் சிக்கல் இல்லை. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதே! பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது. 'எஸ். முருகன்' அங்கே 'முருகன் சுப்பையா' ஆகிறார். ஆதாரில் 'முருகன் எஸ்', பள்ளிச் சான்றிதழில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் வேறொன்று. மனைவியின் கடைசிப் பெயர் அவர் அப்பாவுடையது, பிள்ளைகளின் கடைசிப் பெயர் உங்களுடையது. இந்த ஊர் குமாஸ்தா, இவர்களெல்லாம் ஒரே குடும்பம்தானா என்று மேலும் கீழும் பார்ப்பார்.

2017-இல் பானையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது பெயர் பொருந்தாமல் தவித்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். 2023 ஜூன் 30-க்குள் 1,000 ரூபாய் கட்டி இணைக்காவிட்டால் பான் செயலிழக்கும் என்றதும் ஒரே ஓட்டம். எங்கே ஓடினார்கள்? தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கும் ஏஜெண்ட்டுக்கும். பான், ஆதார், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு செட், கேஸ் கனெக்ஷனுக்கு ஒரு செட், சிம் கார்டுக்கு ஒரு செட், பள்ளி அட்மிஷனுக்கு ஒரு செட். நான்கு ஊர் மாறிய குடும்பத்தின் அடையாளக் காகிதங்கள் நான்கு ஊரிலும் யார் யார் மேஜை டிராயரிலோ கிடக்கின்றன.

47,250 ரூபாய்

எண் வந்த பிறகும் ஆளைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005 பங்கு வெளியீட்டு மோசடியை விட நல்ல பாடம் கிடையாது. வங்கிக்காரர்கள் யாரும் மறக்கக் கூடாத பாடம்.

2005 ஜூனில் எஸ் வங்கி 45 ரூபாய் விலையில் பங்கு வெளியிட்டது. சிறு முதலீட்டாளர்களுக்கென்று தனி ஒதுக்கீடு, ஆளுக்கு ஒரு விண்ணப்பம். 50,000 ரூபாய்க்குக் கீழே என்றால் பான் எண் எழுத வேண்டாம் என்பது அன்றைய விதி. பிறகு 'செபி' தோண்டியபோது, அகமதாபாத்தில் ஒரே கையின் பிடியில் 6,315 டீமேட் கணக்குகள். ஒவ்வொன்றிலும் 1,050 பங்குகளுக்கு விண்ணப்பம். பெருக்கிப் பாருங்கள்: 1,050-ஐ 45-ஆல் பெருக்கினால் 47,250. ஐம்பதாயிரத்துக்குச் சற்றே கீழே! ஒவ்வொரு கணக்குக்கும் 150 பங்கு கிடைத்தது, ஆகமொத்தம் 9,47,250 பங்குகள். அதே ஆண்டு ஐ.டி.எஃப்.சி. வெளியீட்டில் இதே கையின் கணக்குகள் 14,807.

இத்தனை ஆயிரம் பேரும் யார்? பெரும்பாலும் யாரும் இல்லை. வெறும் பெயர்கள். ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு ஒரே முகவரி. அந்தப் பெயர்களுக்கு வங்கிக் கணக்கும் இருந்தது என்பதுதான் எங்களுக்குத் தலைகுனிவு. 2002-லேயே ரிசர்வ் வங்கி 'வாடிக்கையாளரை அறிந்துகொள்' என்று கே.ஒய்.சி. விதி போட்டிருந்தது. காகிதங்கள் ஃபைலில் இருந்தன, ஆளை யாரும் பார்க்கவில்லை. 2006-இல் ரிசர்வ் வங்கி பல வங்கிகளுக்கு அபராதம் போட்டது. செபி, டீமேட் கணக்குக்குப் பானைக் கட்டாயமாக்கி, 2007 ஜூலையிலிருந்து பங்குச் சந்தைக்குப் பான்தான் ஒரே அடையாளம் என்றது.

ஓட்டை அடைபட்டது. ஆனால் அன்றிலிருந்து பான் எண்ணே விலையுள்ள சரக்காகிவிட்டது. இல்லாத ஆளைப் படைக்க முடியாது என்றால், இருக்கிற ஆளின் பெயரைத் திருட வேண்டியதுதானே?

முட்டை வியாபாரிக்கு 50 கோடி நோட்டீஸ்

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து உங்கள் பான் எண்ணேதான். யாரோ ஒருவரின் பான், ஆதார், ஒரு வாடகை ஒப்பந்தம், ஒரு மின்கட்டண ரசீது, இவ்வளவு இருந்தால் அவர் பெயரில் ஒரு கம்பெனியைப் பதிந்துவிடலாம். சரக்கே கைமாறாமல் பில் மட்டும் போட்டு வரிச்சலுகையை அள்ளிக்கொண்டு கம்பெனியை அப்படியே விட்டுப் போய்விடுவார்கள். வரி நோட்டீஸ் பெயருக்குச் சொந்தக்காரருக்கு வரும்.

2023 மே 16 முதல் ஜூலை 15 வரை மத்திய, மாநில வரித்துறைகள் சேர்ந்து நாடெங்கும் சோதித்ததில் 21,791 நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்ன இடத்தில் இல்லை. சந்தேகப்பட்ட வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய். அதே ஜூனில் நொய்டா போலீஸ் பிடித்த ஒரு கும்பல் மட்டும் 2,600-க்கு மேற்பட்ட போலி நிறுவனங்களை நடத்தியிருந்தது. அவர்களிடம் லட்சக்கணக்கானவர்களின் பான் விவரங்கள் இருந்தன.

2025 மார்ச்சில் மத்தியப் பிரதேசம் தமோவில் தள்ளுவண்டியில் முட்டை விற்கிற ஒருவருக்கு, 50 கோடி ரூபாய் வியாபாரத்துக்குக் கணக்குக் கேட்டு நோட்டீஸ் வந்தது. 2022-இல் டெல்லியில் அவர் பெயரில் தோல், மரம், இரும்பு வியாபாரம் செய்வதாக ஒரு கம்பெனி! அவருடைய காகிதங்கள் எப்போதோ எங்கோ யாரிடமோ போயிருக்கின்றன. அன்றாடம் முட்டை விற்றால்தான் சாப்பாடு என்கிற மனுஷன் வக்கீலைத் தேடி அலைய வேண்டும். கடன் திருட்டும் இதே வகை. 2022 பிப்ரவரியில் ஒரு கடன் செயலி மூலம் தங்கள் பான் எண்ணில் யாரோ கடன் வாங்கியிருப்பதைப் பலர் கண்டுபிடித்தார்கள். சிபில் மதிப்பெண் சரிந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

ரீஃபண்ட் ஆசையும் அரெஸ்ட் பயமும்

திருடனுக்கு இரண்டு கயிறு: ஆசை, பயம்.

ஆசையைப் பற்றி முதலில். "உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வரும் குறுஞ்செய்தி பழைய சங்கதி, பெரும்பாலோர் இப்போது ஏமாறுவதில்லை. அதைவிட ஆபத்தானது, சிரித்த முகத்தோடு நேரில் வருவது. "டிடிஎஸ் முழுக்க வாங்கித் தர்றேன் சார், எனக்குப் பத்து பர்சன்ட் போதும்" என்கிற ரிட்டர்ன் ஏஜெண்ட். இல்லாத வீட்டுக்கடன், கொடுக்காத நன்கொடை, கட்டாத வாடகை எல்லாவற்றையும் போட்டு ரீஃபண்ட் எடுத்துவிடுவார். 2018 ஏப்ரலிலேயே பெங்களூரு மையம் மாதச் சம்பளக்காரர்களை இதைப் பற்றி எச்சரித்தது. 2025 ஜூலை 14-இல் வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை போட்டது, தமிழ்நாடும் அதில் உண்டு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள்.

இந்தச் சோதனையில் வெளிவந்த ஒரு தகவல்தான் என்னை உறுத்தியது. சில ஏஜெண்ட்டுகள் வாடிக்கையாளர்களுக்காக ஒரு தற்காலிக மின்னஞ்சலைத் தாங்களே உருவாக்கி ரிட்டர்ன் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அதைக் கைவிட்டிருக்கிறார்கள். வரித்துறை அனுப்பும் நோட்டீஸெல்லாம் யாருமே திறக்காத அந்தப் பெட்டியில் போய் விழும். உங்கள் பெயரில் ரிட்டர்ன், உங்கள் பெயரில் பொய், உங்கள் பெயரில் நோட்டீஸ். ஆனால் அதில் எதையும் நீங்கள் பார்க்கவே முடியாது. ஹூக்ளியில் செத்தவர் பெயரில் இன்னொருவர் வரிசையில் நின்றார். இங்கே உயிரோடு இருக்கிறவர் பெயரில் நிற்கிறார்கள்.

அடுத்தது பயம். இதில் நம் நாட்டுக்கு ஒரு வெட்கக்கேடான பெருமை உண்டு. 2016 அக்டோபரில் தானே போலீஸ் மீரா ரோட்டில் கால்சென்டர்களைச் சோதித்து நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. அமெரிக்க வரித்துறையிலிருந்து பேசுவதாக அந்த நாட்டு மக்களை மிரட்டி, "வரி பாக்கி, உடனே கட்டாவிட்டால் கைது" என்று பணம் பிடுங்கியவர்கள். அதே மாதம் அமெரிக்க நீதித்துறை இந்தியக் கால்சென்டர்களையும் சேர்த்து 61 பேர், நிறுவனங்கள் மேல் குற்றச்சாட்டு வைத்தது. பலியானவர்கள் 15,000-க்கு மேல். சில வருஷத்தில் அதே வசனம் நம்மிடமே திரும்பி வந்தது. கஸ்டம்ஸ், சிபிஐ, அமலாக்கத்துறை என்று சொல்லி, வீடியோ காலில் சீருடையோடு உட்கார்ந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்கிறார்கள். அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபர் 27-இல் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். பிள்ளைகள் பெங்களூருவிலும் புனேயிலும் இருக்க, ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடுகள் நம்மில் எத்தனை!

திரும்பவும் கட்டைவிரல்

இப்போது ஹெர்ஷலிடம் திரும்பிப் போவோம். அவர் கொண்டுவந்த வழக்கப்படி இன்றும் நாம் பத்திரப்பதிவில் விரலை உருட்டுகிறோம். பென்ஷன்காரர்கள் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கிறார்கள். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் முறையில் அதுவும் விரல் ரேகையால் என்று ஆனது. 1877-இன் ஹூக்ளி முறைதான், மைக்குப் பதில் கண்ணாடித் தகடு.

2018-இல் தெலங்கானா பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒரு சிம் கார்டு வியாபாரி பிடிபட்டார். பதிவுத்துறை இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களை இறக்கி, அதில் இருந்த கட்டைவிரல் ரேகைகளை ரப்பர் ஸ்டாம்ப் செய்வது போல வார்த்தெடுத்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை இயக்கியிருக்கிறார். அடுத்து அதே தந்திரம் வங்கிக் கணக்குகளுக்கு வந்தது. கிராமத்துப் பெட்டிக்கடையில் ஆதார் எண்ணும் விரலும் வைத்தால் பணம் எடுக்கலாம் என்ற முறை, ஏ.இ.பி.எஸ். என்பார்கள். ஏழைகளுக்கு மிக நல்ல வசதி. ஓடிபி கிடையாது. பத்திரத்தில் ஆதார் எண்ணும் இருக்கிறது, ரேகையும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

2023 செப்டம்பர் வாக்கில் இதே கொல்கத்தாவில், சொத்துப் பதிவு செய்தவர்கள் பலரின் கணக்கிலிருந்து பத்தாயிரம் பத்தாயிரமாகப் பணம் போனது. ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள் என்று போலீஸ் கேட்டுக்கொண்டது. மோசடியைத் தடுக்க எந்தப் பத்திரத்தில் ரேகை வாங்க ஆரம்பித்தார்களோ, அந்தப் பத்திரத்திலிருந்தே ரேகை திருட்டுப் போனது. அதுவும் ஹூக்ளிக்கு அடுத்த ஊரில்.

ரேகை அப்படியே உண்மையாகத்தான் இருந்தது. அதை வைத்தவர் நேரில் இருக்கிறாரா என்று பார்க்கிற கண்தான் இல்லை. 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம், உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஹெர்ஷல் கண்ணால் பார்த்ததை இப்போது மெஷின் பார்க்க முயற்சிக்கிறது.

ஜெராக்ஸ் விஷயத்தில் அரசுக்கே தடுமாற்றம் உண்டு. 2022 மே மாதக் கடைசியில், ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றார்கள். அந்த 'வழக்கமான எச்சரிக்கை' என்ன என்பதை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வங்கிக்காரனாக நான் என் வீட்டில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

நம் பெயரை நாமே பார்த்துக்கொள்வது

1. வருமான வரி இணையதளத்தில் உங்கள் சொந்த மொபைலும் சொந்த மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். ஏஜெண்ட்டோ ஆடிட்டரோ ரிட்டர்ன் போடட்டும், பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். இன்றைக்கே உள்ளே போய் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள்.

2. அதே தளத்தில் 2021 நவம்பரிலிருந்து ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை கிடைக்கிறது. உங்கள் பான் எண்ணில் பதிவான வட்டி, பங்கு, சொத்து எல்லாம் அதில் வரும். உங்களுக்குத் தெரியாத வரவு இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம்.

3. ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதி உண்டு, லாகின் வேண்டாம், காசு வேண்டாம். உங்கள் எண்ணில் ஏதாவது கம்பெனி ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். ஊரில் இருக்கும் அப்பா, மாமனார் பான் எண்களையும் போட்டுப் பாருங்கள்.

4. கடன் தகவல் நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017-இலிருந்து விதி. வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் தெரிந்தால் உடனே எழுத்தில் புகார்.

5. ஆதார் தளத்திலோ செயலியிலோ பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். உயிர்ச்சான்று கொடுக்கும்போது மட்டும் பெரியவர்களுக்குத் திறந்துவிட்டால் போதும். வாடகை வீட்டுக்கும் ஓட்டலுக்கும் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார். ஜெராக்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அதன் குறுக்கே யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். திருடனை முழுக்கத் தடுக்காது, ஆனால் மறுபடி பயன்படுத்த அவனுக்குச் சங்கடம்.

6. வரித்துறைக் கடிதம் என்று எது வந்தாலும் அதில் டின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் இது நடைமுறை. வரித்துறை தளத்திலேயே அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று சரிபார்க்கலாம். 1961 சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தான் அமல் தேதி. "புதுச் சட்டப்படி உங்கள் பானைப் புதுப்பிக்கணும்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

7. பணம் போய்விட்டால் 1930-க்குப் போன், உடனே வங்கிக்கும் தகவல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிகளே, வங்கியிலும் உங்களிடமும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பில்லை என்றுதான் வகுத்தன. திருட்டுப் பணம் கணக்குக் கணக்காகத் தாவிப் போய்விடும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் எங்களாலும் வழியில் பிடிக்க முடியும்.

கடைசியாக, நாம் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று. இறந்தவர்களின் அடையாளம். லேக் மார்க்கெட் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமியின் கணவர் காலமாகி ஒன்றரை வருஷம். கூட்டுக் கணக்குக்கு அவர் மொபைல் எண்தான் பதிவாகியிருந்தது. ரீசார்ஜ் செய்யாததால் அந்த எண் துண்டிக்கப்பட்டு வேறு யாருக்கோ போய்விட்டது. மாமியின் கணக்குக்கு வரும் ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் நல்லவராக இருந்ததால் பணம் தப்பியது. துக்கத்தில் இருக்கிற வீட்டில் யார் போய் மொபைல் எண்ணை மாற்றச் சொல்வார்கள்? அதனால் அது பக்கத்தில் இருக்கிற நம் வேலை.

2025 நவம்பரில் ஆதார் ஆணையம், இறந்தவர்களின் ஆதார் எண்கள் 2 கோடிக்கு மேல் முடக்கப்பட்டதாகச் சொன்னது. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் ஆதார் தளத்தில் தெரிவிக்க இப்போது வழி இருக்கிறது. காரியங்கள் முடிந்து ஒரு மாதத்துக்குள் இறப்புச் சான்றிதழோடு நான்கு இடங்களுக்குச் சொல்லிவிடுங்கள்: வங்கி, ஆதார், மொபைல் கம்பெனி, வரித்துறை. கடைசி ரிட்டர்னைப் போட்டு முடித்த பிறகு பானை ஒப்படைத்துவிடலாம். ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ இதெல்லாம் தெரியாது என்றால், லீவில் போகும்போது ஒரு மதியம் கூட உட்கார்ந்து முடித்துக் கொடுங்கள்.